பிள்ளை வளரும், இரும்பு வளராது

மேடையில் ஏறி மாலை போட்டுக்கொள்வதில் எனக்கு ஆசை கிடையாது என்று சொன்னால் அது பொய். எழுத்தாளன் என்ற ஜாதிக்கே அந்த ஆசை கொஞ்சம் அதிகம். மாதம் முழுவதும் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் ஒருவர் வந்து, "தாங்கள்தான் தலைமை தாங்க வேண்டும்" என்று கைகூப்பினால் அவன் போகாமல் இருப்பானா? நானும் போனேன். 2022-ஆம் வருஷம், தென் மாவட்டத்து ஊர் ஒன்றில், உடற்குறையுள்ள குழந்தைகளுக்கு உபகரணம் வழங்கும் விழா. ஊரின் பெயர் வேண்டாம்; விழா நடத்திய சங்கத்தின் பெயரும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவன் நான்தான்.

கல்யாண மண்டபத்தில் விழா. பத்து மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. குழந்தைகள் காலை எட்டு மணியிலிருந்தே வந்து காத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துரைக்கு ஒரு நன்றியுரை என்று வரிசையாக நடந்தது. பொழுது போகாமல் பொன்னாடைகளை எண்ணினேன். பத்தொன்பது. அதில் இரண்டு எனக்கு.

கடைசியில் குழந்தைகளை ஒவ்வொருவராக மேடைக்குக் கொண்டு வந்தார்கள். ஆறு வயசுப் பையன் ஒருவனை அவன் தகப்பன் தூக்கிக்கொண்டு வந்தான். பிறக்கும்போதே முதுகுத் தண்டு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளை. இடுப்புக்குக் கீழே பலமும் குறைவு, உணர்ச்சியும் குறைவு. அவனுக்கு இரண்டு கால்களுக்கும் காலிப்பர். துடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் உலோகக் கம்பி, முழங்காலில் பூட்டுகிற கீல், தோல் பட்டைகள், அடியில் பூட்ஸ். நான் எடுத்துக் கொடுத்தேன். போட்டோக்காரர், "தம்பி, அதை நல்லா மேலே தூக்கிப் பிடி" என்றார். பையன் ஏதோ கேடயம் ஜெயித்தவன் போலத் தூக்கிப் பிடித்தான். மண்டபம் கைதட்டிற்று. நான் நம்பிக்கையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். முன் வரிசையில் ஓர் அம்மாள் புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரமே அதைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையும் எழுதினேன். சன்மானமும் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். என் கதைகள் எல்லாம் இப்படித்தான் முடியும். நொண்டிப் பையனுக்குக் கால் கிடைத்ததும் 'முற்றும்' போட்டுவிடுவேன். அந்தக் கால் எத்தனை நாளைக்கு என்று எந்த வாசகரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

2024-ஆம் வருஷம் அதே வட்டாரத்தில் ஒரு புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மாலை நேரம், கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். கையில் ஒயர் கூடை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது.

"ஐயா, உங்களுக்கு என்னைத் தெரியாது. என் மகனுக்கு நீங்கதான் கால் கொடுத்தீங்க" என்றாள்.

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் அதற்கேற்ற புன்னகையையும் வரவழைத்துக்கொண்டேன். அவள் கூடைக்குள்ளிருந்து பழைய துண்டில் சுற்றியிருந்த அந்தக் காலிப்பரை எடுத்து என் புத்தகங்களின் மேல் வைத்தாள்.

"ஏழெட்டு மாசம் நல்லா நடந்தான் ஐயா. அப்புறம் பத்தலை. துடையில புண்ணு வந்திருச்சு. அவனுக்குத்தான் வலி தெரியாதே. டவுசர்ல ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சது. கழட்டி வெச்சிட்டேன். மறுபடியும் தவழ்ந்துதான் போறான். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் இடுப்புல தூக்கிட்டுப் போவேன். இப்ப எட்டு வயசாச்சு, தூக்க முடியலை. இதைப் பெரிசு பண்ணித் தர்றதுக்கு யார்கிட்டப் போகணும்?"

ஐயா, வாசகரே! இருபது நிமிஷம் நம்பிக்கையைப் பற்றிப் பேசினவனுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன். விலாசத்தை வாங்கிக்கொண்டேன். அவள் காலிப்பரை மறுபடியும் துண்டில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

முதலில் சங்கத்துக்கு டெலிபோன் செய்தேன். சங்கங்களில் வருஷத்துக்கு ஒரு தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். புதிய தலைவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "அது போன கமிட்டியோட ப்ராஜெக்ட் சார். இந்த வருஷம் நாங்க மரக்கன்று பண்றோம்" என்றார். மரக்கன்றுக்காவது அடுத்த வருஷம் தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அடுத்து ஓர் ஆபீஸ். அங்கே குமாஸ்தா கம்ப்யூட்டரில் தேடினார். பையன் பெயர் இருந்தது. "பேர் லிஸ்டில் ஏறியிருக்கு சார். ஒரு தடவை வாங்கினா மூணு வருஷம் கழிச்சுத்தான் அடுத்தது. ரூல்" என்றார். ரூல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் எழுந்து வந்துவிடுவது வழக்கம். நானும் எழுந்து வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த ரூலைத் தேடிப் படித்தேன்.

ஊனமுற்றோருக்கு உபகரணங்கள் வாங்கவும் பொருத்தவும் மத்திய அரசின் திட்டம் ஒன்று 1981-லிருந்து இருக்கிறது, ஏ.டி.ஐ.பி. என்று சொல்லுவார்கள். கான்பூரில் 1972-ல் அரசே தொடங்கிய அலிம்கோ தொழிற்சாலையிலிருந்து காலிப்பர்களும் செயற்கை அவயவங்களும் பெரும்பாலும் இந்தத் திட்டத்தின் வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேருகின்றன. ஒரே உபகரணத்தை மூன்று வருஷத்துக்குள் மறுபடி வாங்கக்கூடாது என்று திட்டத்தில் இருப்பது வாஸ்தவம். ஆனால் அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கெடு ஒரு வருஷம்தான் என்றும் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதினவர் யாரோ, அவர் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவராக இருக்க வேண்டும். ஆபீஸில் இருந்தவர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய இடத்தில் ஒரு குழந்தையின் நடையும் நின்றுபோயிற்று.

பிறகு ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் கால் செய்கிற பட்டறைக்குத் தாயையும் பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த நிபுணர் முழங்கை வரை மாவு ஒட்டிய கைகளோடு காலிப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையனை மேஜைமேல் உட்கார வைத்து அளந்தார். கீல், முழங்காலுக்கு ஓர் அங்குலம் கீழே உட்கார்ந்திருந்தது. காலிப்பர் ஓரிடத்தில் மடங்க, கால் வேறோரிடத்தில் மடங்கினால் புண் வராமல் என்ன செய்யும்?

"இதைப் பாருங்க சார்" என்று ஒரு கம்பியைக் காட்டினார். "ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது இல்லையா? வரிசையா ஓட்டை இருக்கு. ஸ்குரூவைக் கழட்டி அடுத்த ஓட்டையில மாட்டினா நீளம் கூடும். பிள்ளைங்க வளரும்னுதான் இப்படிச் செய்யறது. பட்டையைத் தளர்த்தணும், ஷூ மாத்தணும். அப்பவே கொண்டு வந்திருந்தா அரை நாள் வேலை."

அரை நாள் வேலை! எனக்குத் தலை சுற்றிற்று. பிள்ளை வளருவான் என்று அந்த இரும்புக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் செய்த தொழிலாளிக்குத் தெரிந்திருக்கிறது. சட்டத்தை எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் இருந்த எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. அரை நாள் வேலைக்காக ஒரு பையன் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தவழ்ந்திருக்கிறான். இப்பொழுது முதுகும் கொஞ்சம் கோணியிருந்தது. பழைய காலிப்பர் இனி உதவாது என்று புதிதாக அளவெடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பாவம்!" என்று நீங்கள் சொன்னால் நான் எழுதியது வீண். பாவம் என்ற சொல்லை இரண்டு அர்த்தத்தில் நாம் வைத்திருக்கிறோம். இரக்கம் என்பது ஓர் அர்த்தம். செய்த குற்றம் என்பது இன்னொன்று. நான் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பெரியவர்களுக்குக் கால் வைப்பது வேறு; குழந்தைகளுக்குக் கால் வைப்பது வேறு. இந்த ஒரு விஷயத்தை நாம் புரிந்துகொண்டால் போதும். நாற்பது வயசுக்காரருக்கு நன்றாகப் பொருந்தின செயற்கைக் கால் சில வருஷங்கள் உழைக்கும். குழந்தைக்கு அப்படியல்ல. காலில்லாமல் பிறந்த குழந்தைக்கு, அது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிற பருவத்தில், அதாவது ஒன்பது பத்து மாதத்திலேயே முதல் கால் வைக்கலாம் என்கிறார்கள் வைத்தியர்கள். அதன் பிறகு ஐந்து வயசு வரையில் வருஷத்துக்கு ஒன்று. பன்னிரண்டு வயசு வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. அதற்கப்புறம் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒன்று. இது உத்தேசமான கணக்கு. கூட்டிப் பாருங்கள்: வளர்ந்து ஆளாவதற்குள் பத்துக் கால் வேண்டும். நாம் கொடுப்பது ஒன்று. மிச்ச ஒன்பதுக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை.

எலும்பின் சங்கதி இன்னும் கொடுமை. விபத்தில் எலும்பின் நடுவே கால் துண்டிக்கப்பட்ட குழந்தைக்கு, அந்த மொட்டை எலும்பின் முனை நிற்காமல் கூராக வளரும். சில குழந்தைகளுக்குத் தோலையே குத்திக்கொண்டு வெளியே வரும். மறுபடியும் அறுவை, மறுபடியும் மாவுக்கட்டு, மறுபடியும் புதிய அளவு. உடம்பு வளர்ந்துகொண்டேயிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனை அனுபவிக்கிற குழந்தைகள் அவர்கள். அவர்களை ஒரு நாள் அளந்து, ஒரு நாள் கொடுத்து, ஒரு நாள் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் முடிந்ததா?

"ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று நல்லதுதானே?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. சோறு விஷயத்தில் அது சரி. அரை வயிற்றுச் சோறு பட்டினியைவிட மேல். ஆனால் அளவு தப்பின காலிப்பர் அரை வயிற்றுச் சோறு அல்ல. அது புண்ணை உண்டாக்கும், முதுகைக் கோணலாக்கும். உணர்ச்சியில்லாத காலில் வருகிற புண் ஆழமாகப் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, "அதையும் போட்டுப் பார்த்தாச்சு, பிரயோஜனமில்லை" என்ற முடிவுக்குத் தாய் தகப்பனைக் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு நல்ல கால் வந்தாலும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

"பெற்றோர்களின் அலட்சியம் சார்!" என்பது இரண்டாவது கட்சி. காரில் வந்து போகிறவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். பாதம் உள்வளைந்து பிறக்கிற குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் இருந்த இக்னேஷியோ பொன்செட்டி என்ற டாக்டர், பெரிய அறுவை இல்லாமல், வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டு அந்தப் பாதத்தை நேராக்கும் வழியைக் கண்டார். இன்று இந்தியா பூராவும் அந்த முறைதான். ஆனால் கட்டு அவிழ்த்ததோடு வைத்தியம் முடிவதில்லை. ஒரு கம்பியின் இரு முனையிலும் பூட்ஸ் வைத்த சாதனத்தைக் குழந்தைக்கு மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரம் மாட்ட வேண்டும். அதன் பிறகு நாலு வயசு வரையில் ராத்திரி தோறும். விட்டால் பாதம் மறுபடியும் வளைந்துவிடும்.

நாலு வருஷம், ராத்திரி தோறும்! அழுகிற பிள்ளையைத் தேற்றி, உதைக்கிற காலைப் பிடித்து, பூட்ஸ் வாரை இறுக்கி, "என் பிள்ளையை விலங்கு மாட்டிப் படுக்க வைக்கிறாயே" என்று மாமியார் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள் நம் ஊர்த் தாய்மார்கள். அவர்களுக்கா அலட்சியம்? பூட்ஸ் சிறிசாகிப் போய் அடுத்த அளவு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் நிற்கிறவளை அலட்சியக்காரி என்று சொல்ல எப்படி நாக்கு எழுகிறது? ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் சத்தம் வேறே. போன இடத்தில் "அடுத்த முகாமுக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் மூன்றாவது தடவை யார் போவார்கள்? நீங்கள் போவீர்களா?

"அதற்கெல்லாம் பணம் எங்கே?" என்பது மூன்றாவது கட்சி. பத்தொன்பது பொன்னாடைக்குப் பணம் எங்கிருந்து வந்ததோ, அங்கேயிருந்து என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அதைவிடப் பெரிசு. இந்த நாடு வழி தெரியாத நாடு அல்ல. 1968-ல் ஜெய்ப்பூரில், ராமச்சந்திர சர்மா என்ற சிற்பத் தொழிலாளியும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். சம்மணமிட்டு உட்காரலாம், குந்தலாம், செருப்பில்லாமல் வயல் வரப்பில் நடக்கலாம். மேல்நாட்டுக் கால்கள் பூட்ஸ் போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு, இது நமக்கு. அந்தக் காலோடுதான் சுதா சந்திரன் மறுபடியும் மேடையில் நடனமாடினார்.

நம் அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் நிஜாம் வைத்திய நிலையத்துக் குழந்தைகள் சுமார் 3 கிலோ எடையுள்ள காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைக் கண்டு, ஏவுகணைக்குப் பயன்பட்ட இலேசான கூட்டுப்பொருளைக் கொண்டு 300 கிராமில் காலிப்பர் செய்ய வைத்தார். அந்தக் குழந்தைகள் துள்ளி ஓடினதைப் பார்த்த சந்தோஷத்தைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இந்தக் கதையைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. நானே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த 300 கிராமும் அடுத்த வருஷம் குட்டையாகத்தானே போயிருக்கும்? ஏவுகணைப் பொருளும் பிள்ளையோடு சேர்ந்து வளராதே! கலாம் எடையைக் குறைத்தார். அது விஞ்ஞானியின் வேலை, அதை அவர் செய்தார். ஒவ்வொரு வருஷமும் அளவு பார்ப்பது நம் வேலை. அதை நாம் செய்தோமா?

குறைவது பணத்தைவிட மனிதர்கள். காலும் காலிப்பரும் செய்து பொருத்துவது தனிப் படிப்பு; 1992-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி புனர்வாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்கள்தான் அதைச் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் பத்து லட்சம் ஜனங்களுக்கு ஐந்திலிருந்து பத்து நிபுணர்கள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். அதன்படியே பார்த்தாலும் குறைந்தது 360 பேர் வேண்டும், மாவட்டத்துக்குச் சுமார் பத்துப் பேர். உங்கள் ஊரில் எத்தனை நகைக்கடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குக் காலிப்பர் செய்கிறவர் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு டாக்டர், இஞ்சினீயர் தவிர வேறு படிப்பு இருப்பதாகவே நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. மாவு ஒட்டிய கை என்றால் நமக்கு அவ்வளவு மட்டம்!

இன்னொரு விதமான ஆசாமிகளும் இருக்கிறார்கள். இவர்களுக்கு எளிய காலிப்பரும் ரப்பர் பாதமும் பிடிக்காது. விரலை மடக்குகிற எந்திரக் கை, கம்ப்யூட்டர் செய்து தருகிற கை என்று பத்திரிகையில் படம் வந்தால் பரவசமாகிவிடுவார்கள். விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் பலர் சாப்பிட்டார்கள். 1961-ன் கடைசியில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கையும் காலும் குறைந்து பிறந்தார்கள். சமூகத்தின் மனசாட்சி குத்திற்று. ஹைடல்பர்க்கிலும் எடின்பரோவிலும் மேதைகள் உட்கார்ந்து, அழுத்தி அடைத்த வாயுவால் இயங்குகிற எந்திரக் கைகளைச் செய்து குழந்தைகளுக்கு மாட்டினார்கள். அபாரமான வேலைதான். ஆனால் குழந்தைகளில் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். கனம், வெக்கை, சத்தம். அவர்கள் அதற்குள் கால் விரல்களாலேயே எழுதவும் சாப்பிடவும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கைகள் யாருக்காகச் செய்யப்பட்டவை? குழந்தைகளைப் பார்த்துக் கலங்குகிற பெரியவர்களின் கண்களுக்காக என்று நான் சொல்வேன். உபகரணம் குழந்தையின் தேவைக்கு. நம் கண்ணின் சௌகரியத்துக்கு அல்ல. சக்கர நாற்காலிதான் ஒரு குழந்தைக்கு வேகமும் சுகமும் என்றால், நிற்க வைத்துத்தான் தீருவேன் என்று அடம் பிடிக்க நாம் யார்? அளவெடுப்பதற்கு முன்னால் குழந்தையிடம், "நீ எங்கே போக வேண்டும்? என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அன்றைய மேடையில் நான் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பெயரையே மைக்கில்தான் கேட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. சட்டம் குறிப்பிடும் அளவுக்கு ஊனமுள்ள மாணவர்களுக்குப் புத்தகங்கள், மற்றப் படிப்புச் சாமான்கள், தகுந்த உதவி உபகரணங்கள் ஆகியவற்றை 18 வயசு வரை இலவசமாக வழங்க வேண்டும் என்பது அது. கவனியுங்கள்: புத்தகமும் உபகரணமும் ஒரே வரியில் இருக்கின்றன. புத்தகம் எப்படி வருகிறது? ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பையனிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து, "உனக்குத்தான் ஏற்கெனவே ஒரு புத்தகம் கொடுத்தாச்சே!" என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? சொன்னால் ஊரே சிரிக்கும். அதையே காலிப்பர் விஷயத்தில் சொல்கிறோம், ஒருவரும் சிரிக்கவில்லை. புத்தகத்தை உரிமை என்று நினைக்கிறோம், காலைத் தர்மம் என்று நினைக்கிறோம். தர்மம் ஒரு தடவை போட்டால் தீர்ந்தது அல்லவா?

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். போலியோவை ஒழித்த ஜனங்கள் நாம். 1995-லிருந்து வீடு வீடாகப் போனார்கள். ரயிலில் கொடுத்தார்கள், பஸ் ஸ்டாண்டில் கொடுத்தார்கள், திருவிழாவில் கொடுத்தார்கள். சொட்டு மருந்து போட்ட ஒவ்வொரு குழந்தையின் விரலிலும் மை வைத்தார்கள். 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்றும் கிடைத்தது. அந்தக் காரியத்தில் எவரும், "போன வருஷம்தான் ஒரு தடவை கொடுத்தோமே" என்று நிறுத்தவில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு விடாமல், எந்தக் குழந்தை விட்டுப்போயிற்று என்று தேடினார்கள். அந்தத் தேடலைத்தான் காலிப்பர் விஷயத்தில் காணோம்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. தடுப்பூசிக்கு அட்டை கொடுப்பதுபோல் காலிப்பருக்கும் செயற்கைக் காலுக்கும் ஓர் அட்டை. அதில் அடுத்த அளவு பார்க்கிற தேதி. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒரு நாளாவது, ஸ்குரூ முடுக்கவும் பட்டை மாற்றவும் தெரிந்த ஒரு மனிதர், அவருக்கு ஒரு மேஜை, ஒரு பெட்டி ஆயுதம். வருஷக் கடைசியில் அறிக்கை எழுதும்போது, 'இத்தனை உபகரணம் வழங்கினோம்' என்ற வரிக்குக் கீழே, 'போன வருஷம் வழங்கியதில் இத்தனை இன்னும் உபயோகத்தில் இருக்கிறது' என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரியை எழுத நேர்ந்தால் பாதி முகாம்களின் சாயம் வெளுத்துப்போகும். வெளுக்கட்டும்.

பையன் புதிய காலிப்பரோடு இப்பொழுது நடக்கிறான். கைக்கம்பு வேண்டியிருக்கிறது, முன்போலத் தாராளமாக இல்லை. இழந்த வருஷத்தைக் காலிப்பரால் திருப்பித் தர முடியாது என்று அந்தப் பட்டறைக்காரர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தாய் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன மாதம் வேறோர் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே மாதிரி விழா. நான் தலைமை தாங்க வேண்டுமாம். வருவதாக ஒப்புக்கொண்டு, பொன்னாடை வேண்டாம் என்று எழுதி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன்: "இப்பொழுது கொடுக்கப்போகிற உபகரணங்களை அடுத்த வருஷம் எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் அளவு பார்க்கப் போகிறார்கள்? அதை அழைப்பிதழிலேயே அச்சடிக்க முடியுமா?"

இன்று வரை பதில் இல்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஓர் அழைப்பு வந்தால், நன்கொடைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதே கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒருவராவது பதில் தேடத் தொடங்குவார்.